காலந்தாழ்த்திக் கற்ற சொல்

ஓய்வு பெற்றபின் யப்பானிய மொழி கற்கத் தொடங்கியிருக்கிறேன். புலமை பெறும் நோக்கம் ஏதுமில்லை. காலையில் ஒரு சிறு பயிற்சி நூலிலிருந்து ஐந்து சொற்கள், அவ்வளவே. ‘ஒஹாயோ’ என்றால் காலை வணக்கம். ‘அரிகாத்தோ’ என்றால் நன்றி. ‘சுமிமாசென்’ என்றால் மன்னிக்க வேண்டும். பாடநூல் இவ்வாறு வணக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரலாறு யப்பானை அறிமுகம் செய்தது வேறு வரிசையில்.

முதலில் வந்தது போர். 1942 ஏப்ரல் 9 காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அவற்றை வழிநடத்தியவர் மிட்சுவோ புச்சிடா. நான்கு மாதங்களுக்கு முன்னர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற விமானங்களுக்கும் அவரே தலைவர். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தில் எரிந்து மூழ்கிய ‘சகாயிங்’ என்ற கப்பலை 2018 இல்தான் இலங்கைக் கடற்படை மேலே கொணர்ந்தது.

அடுத்து வந்தது வணிகம். தமிழ்த் தொழிலதிபர் ஏ. வை. எஸ். ஞானம், யப்பானிய மிட்சுய் சுரங்க நிறுவனத்துடன் இணைந்து 1982 இல் தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆலை இத்துறைமுகக் கரையில் எழுந்தது. சீமெந்துப் பையில் அச்சான அப்பெயர் வீடு கட்டிய எல்லோருக்கும் பழக்கமானது. ‘டோக்கியோ’ என்பதன் பொருள் ‘கிழக்குத் தலைநகர்’ என்பதை நூலில் கண்டபோது, இன்று கிழக்கு மாகாணத்தின் தலைநகராயுள்ள திருகோணமலையை எண்ணிப் புன்னகைத்தேன்.

மூன்றாவதாக வந்த சொல்லில் புன்னகைக்க ஏதுமில்லை. 2004 டிசெம்பர் 26. நான் செய்தி மேசையில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய சொல்லைத் தமிழில் எவ்வாறு எழுதுவதென்றே எனக்குத் தெரியவில்லை. ‘கடல் கொந்தளிப்பு’ என்று முதலில் தலைப்பிட்டேன். அதற்குள் கிண்ணியா மருத்துவமனை அழிந்திருந்தது. மூதூரிலும் நிலாவெளியிலும் உறவினர்கள் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தனர்.

‘ட்சு’ என்றால் துறைமுகம். ‘நாமி’ என்றால் அலை. சுனாமி, துறைமுக அலை. ஆழ்கடலில் இவ்வலை தாழ்வாகவே செல்லும். கரையை அணுகும்போதுதான் உயரும். 1896 இல் யப்பானின் சன்ரிக்குக் கரையில் சுமார் 22,000 பேர் மாண்டபோது, தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் உணரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோதுதான் துறைமுகம் அழிந்திருக்கக் கண்டனர். அச்சொல்லில் அம்மக்களின் பட்டறிவு அடங்கியுள்ளது.

‘கடல்கோள்’ என்ற சொல் நம்மிடமும் இருந்தது. ஆனால் அது பாண்டியர் பழங்கதையோடு ஏட்டில் தங்கிவிட்டது. இலங்கையின் பல கரைகளில், கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் அடுத்த அலையில் அகப்பட்டனர். சொற்களை வைத்தே பிழைப்பு நடத்திய நானும் அன்று அவர்களைவிட அதிகம் அறிந்தவனல்லன்.

இன்று நம் குழந்தைகள் எல்லோருக்கும் இச்சொல் தெரியும். அதன் பொருளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், நண்பர்களே: கரையில் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, நின்று பார்க்கக் கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும்.