கருந்துளையின் உட்பகுதி

கருந்துளையின் உட்பகுதி என்பது நிகழ்வு எல்லைக்குள் அமைந்த, ஒளியும் வெளியேற முடியாத வெளி-காலப் பகுதி. அங்கிருந்து எந்தச் சமிக்ஞையும் வராததால், அதைப் பற்றி அறிந்தவை அனைத்தும் பொதுச் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து பெறப்பட்டவையே. நேரடிச் சான்று எதுவும் இல்லை.

சுழலாத கருந்துளையை 1916இல் வெளியான சுவார்சுசில்டு தீர்வு விவரிக்கிறது. சூரிய நிறைக்கு எல்லையின் ஆரம் ஏறத்தாழ 3 கி.மீ. எல்லையைக் கடந்தபின் ஆரத்திசை காலத்தின் தன்மையைப் பெறுகிறது. ஆகவே மையம் ஓர் இடமாக அன்றி, தவிர்க்க இயலாத எதிர்காலமாகவே அமைகிறது. பால்வழி மையத்தில் சுமார் 43 லட்சம் சூரிய நிறையுடன் உள்ள கருந்துளையைச் சுழலாததாகக் கொண்டால், அதனுள் விழும் பொருள் எல்லையைக் கடந்தபின் தன் கடிகாரப்படி அதிகபட்சம் ஏறத்தாழ 66 விநாடிகளில் ஒருமைப்புள்ளி எனப்படும் மையத்தை எட்டும். அதற்குள் ஓத விசைகள் அதை நீளவாக்கில் இழுத்துச் சிதைத்துவிடும்.

ஒருமைப்புள்ளி கணிதச் சீர்மையால் விளைந்த தோற்றமன்று என்பதை 1965இல் ரோஜர் பென்ரோசு நிறுவினார். இப்பணிக்காக 2020இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வகைத் தேற்றங்களுக்குக் கல்கத்தா இயற்பியலர் அமல் குமார் ராய்சௌதுரியின் 1955ஆம் ஆண்டுச் சமன்பாடு அடிப்படையாகும்.

சுழலும் கருந்துளைக்கான ராய் கெர்ரின் தீர்வில் (1963) ஒருமை வளையவடிவில் உள்ளது. வளையத்தின் வழியே வேறோர் அண்டத்துக்குச் செல்லலாம் என்பது கற்பனைக் கதைகளுக்கு உகந்தது. ஆனால் அத்தீர்வில் நிகழ்வு எல்லைக்குள் அமையும் இரண்டாவது, உள் எல்லை நிலையற்றதாகையால் இயற்பியலர் பலர் அந்த வழியை ஏற்பதில்லை.

அடர்த்தி வரம்பின்றி உயரும் நிலையில் பொதுச் சார்பியல் செயலிழக்கிறது. இழைக் கோட்பாட்டின் ஒரு கருத்துப்படி உள்ளே வெற்றிடமே இல்லை, பின்னிய இழைகளே உள்ளன; வளையக் குவாண்டம் ஈர்ப்பியலில் சுருக்கம் ஓர் எல்லையில் நின்று எதிர்த்தெழுகிறது. இவற்றில் எதுவும் சோதனையால் உறுதிப்படவில்லை. 2023இல் கெர்ரே, கருந்துளைகளுக்குள் ஒருமைப்புள்ளி உள்ளது என்பதற்கு நிரூபணம் இல்லை என வாதிட்டுக் கட்டுரை வெளியிட்டார்.