நேபாளத்தில் முடியாட்சியும் குடியாட்சியும்

நேபாளத்தின் ஷா வம்ச முடியாட்சி ஏறத்தாழ 240 ஆண்டுகள் நீடித்தது. கோர்க்கா என்ற சிறு மலைநாட்டின் அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768-இல் காத்மாண்டுவைப் பிடித்தார். அடுத்த ஆண்டே பக்தபூரும் விழ, பள்ளத்தாக்கின் மல்ல அரசுகள் மறைந்தன. ஆனால் அவர் வழிவந்தவர்கள் எல்லாக் காலத்திலும் ஆளவில்லை. 1846-இல் கோட் படுகொலையில் எதிரிகளைத் தீர்த்துக்கட்டிய ஜங் பகதூர், பிரதமர் பதவியைத் தம் ராணா குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக மன்னர் அதிகாரமின்றி அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்தார்.

அந்த அடைபட்ட நிலையே பிற்பாடு முடியாட்சிக்கு மக்களிடம் மதிப்பைத் தேடித் தந்தது. 1950 நவம்பரில் மன்னர் திரிபுவன் காத்மாண்டுவிலிருந்த இந்தியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, அங்கிருந்து டெல்லிக்குச் சென்றார். ராணாக்கள் மூன்று வயதுப் பேரன் ஞானேந்திராவுக்கு அவசரமாக முடிசூட்டினர். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. நேபாளி காங்கிரஸின் ஆயுதப் போராட்டமும் இந்தியாவின் அழுத்தமும் சேர்ந்து ராணா ஆட்சியைச் சாய்த்தன. 1951 பிப்ரவரியில் நாடு திரும்பிய திரிபுவன், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையே அரசியலமைப்பை இயற்றும் என்று அறிவித்தார். அப்படியொரு சபைக்குத் தேர்தல் நடக்க 57 ஆண்டுகள் ஆயின. நேபாள முடியாட்சியின் பிற்கால வரலாறு பெரும்பாலும் அந்த வாக்குறுதி தள்ளிப்போன கதைதான்.

திரிபுவனுக்குப் பின் 1955-இல் அரியணை ஏறிய மகேந்திரா, அரசியலமைப்பைத் தாமே வழங்கினார். அதன்கீழ் 1959-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நேபாளி காங்கிரஸ் 109 இடங்களில் 74-ஐ வென்றது, பி.பி. கொய்ராலா பிரதமரானார். நிலச் சீர்திருத்தத்தில் கைவைத்த அந்த அரசு இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1960 டிசம்பர் 15 அன்று மகேந்திரா படையை ஏவிப் பிரதமரைக் கைதுசெய்து, நாடாளுமன்றத்தைக் கலைத்தார். கொய்ராலா எட்டு ஆண்டுகள் சுந்தரிஜலில் சிறையிருந்தார். மன்னரின் செயலைத் தட்டிக்கேட்க எந்த நீதிமன்றமும் இல்லை. படையும் மன்னரின் கையில். நேபாளத்தில் முடியாட்சி வேண்டுமா, குடியாட்சி வேண்டுமா என்ற விவாதத்துக்கு இந்த நாள் உரமிட்டது.

கட்சிகளைத் தடைசெய்து மகேந்திரா கொண்டுவந்த பஞ்சாயத்து முறை முப்பது ஆண்டுகள் ஓடியது. 1962-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நேபாளத்தை இந்து நாடு என்று அறிவித்தது. ஒரே மொழி, ஒரே உடை என்பது அக்கால முழக்கம். பல இனத்தவரையும் மொழியினரையும் இணைக்கும் கயிறு மன்னரே என்பது முடியாட்சியினர் இன்றும் முன்வைக்கும் முதல் வாதம். ஆனால் அந்த இணைப்பு மலைநாட்டு உயர்சாதியினரின் மொழியையும் வழக்கத்தையும் மற்றவர் மேல் ஏற்றியதாகவே சமவெளியில் வாழும் மாதேசிகளும் பழங்குடியினரும் உணர்ந்தனர். 1980-இல், மகேந்திராவுக்குப் பின் வந்த மன்னர் பிரேந்திரா நடத்திய பொதுவாக்கெடுப்பில் பஞ்சாயத்து முறை சுமார் 55 விழுக்காடு பெற்று வென்றது. கட்சிகள் வெளிப்படையாக இயங்க முடியாத நிலையிலும் 45 விழுக்காட்டினர் பலகட்சி ஆட்சியைக் கேட்டது கவனத்துக்குரியது.

1990-இல் பலகட்சி ஆட்சி கோரிய மக்கள் இயக்கம் வென்றது. அவ்வாண்டு நவம்பரில் வந்த புதிய அரசியலமைப்பு, இறைமை மக்களிடமே உள்ளது என்றது. மன்னர் அரசியலமைப்புக்கு உட்பட்டவரானார். இந்த ஏற்பாட்டைப் பலரும் மனமார வரவேற்றனர். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. படையின் தலைமைத் தளபதி என்ற இடம் மன்னரிடமே இருந்தது; நடைமுறையில் படை அரண்மனையையே நோக்கியது. இடர்களை நீக்க ஆணையிடும் அதிகாரத்தை 127-ஆம் பிரிவு மன்னருக்குக் கொடுத்தது. பிரேந்திரா அடக்கமாக இருந்தவரை ஓட்டைகள் தெரியவில்லை. 2001 ஜூன் 1 இரவு நாராயண்ஹிதி அரண்மனையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவரும் அரசியும் குடும்பத்தார் பலரும் மாண்டனர். பட்டத்து இளவரசர் தீபேந்திராவே சுட்டார் என்றது விசாரணைக் குழு. நினைவிழந்து கிடந்த அவர் மன்னராக அறிவிக்கப்பட்டு, மூன்றாம் நாள் இறந்தார். மூன்று வயதில் முடிசூட்டப்பட்ட ஞானேந்திரா மீண்டும் மன்னரானார்.

நல்ல மன்னர் ஒருவரின் இயல்பை நம்பி அமைக்கப்பட்ட ஆட்சிமுறை, அவர் மறைந்ததும் எவ்வளவு விரைவில் குலையும் என்பதற்கு அடுத்த நான்கு ஆண்டுகளே சான்று. 2002 அக்டோபரில் ஞானேந்திரா 127-ஆம் பிரிவைக் காட்டிப் பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாவை நீக்கினார். 2005 பிப்ரவரி 1 அன்று ஆட்சியை முழுதாகத் தம் கையில் எடுத்தார். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். 1996 முதல் நடந்துவந்த மாவோயிஸ்ட் போரை ஒடுக்கவே இந்த நடவடிக்கை என்றார். நடந்தது நேர்மாறானது. அவ்வாண்டு நவம்பரில் ஏழு கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் 12 அம்ச உடன்பாடு கண்டனர். அதுவரை ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்களை ஒரே அணியில் சேர்த்துவிட்டவர் மன்னரே. 2006 ஏப்ரலில் 19 நாள் நடந்த மக்கள் எழுச்சி அவரைப் பணியவைத்து, கலைக்கப்பட்டிருந்த நாடாளுமன்றத்தை மீட்டது.

2008 ஏப்ரலில் 601 உறுப்பினர் கொண்ட அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. மே 28 அன்று சபை 560-க்கு 4 என்ற வாக்கில் முடியாட்சியை நீக்கியது. ஜூன் 11 அன்று ஞானேந்திரா நாராயண்ஹிதியை விட்டு வெளியேறினார், நாட்டைவிட்டுப் போகவில்லை. மன்னர் ரத்தம் சிந்தாமல் சாதாரணக் குடிமகனானது இரு தரப்புக்கும் பெருமை சேர்ப்பது. முதல் குடியரசுத் தலைவராக மாதேசியான ராம் பரண் யாதவ் தேர்வானார். பிறப்புரிமை ஒரே குடும்பத்துக்குத் தந்திருந்த இடத்துக்கு, காலங்காலமாக ஒதுக்கப்பட்ட சமவெளி மக்களில் ஒருவர் வந்தார்.

மக்களிடம் நேரடியாகக் கேட்காமல் முடியை நீக்கியது தவறு என்கின்றனர் முடியாட்சியினர். பொதுவாக்கெடுப்பு நடக்காதது உண்மை. அதற்கு வருந்த இடமுண்டு. ஆனால் முடியாட்சியைக் காப்போம் என்று வெளிப்படையாகக் கேட்ட கட்சிக்கு 2008 தேர்தலில் கிடைத்தது நான்கே இடங்கள். அவர்களின் இன்னொரு வாதம் வலிமையானது: குடியரசில் அரசுகள் அடிக்கடி கவிழ்கின்றன, ஊழல் பெருகியிருக்கிறது, கட்சிகளுக்கு மேலே நடுநிலையாக நிற்பவர் எவருமில்லை. முதல் இரண்டும் மறுக்க முடியாதவை. மூன்றாவதற்கு 2021 விடை தந்தது. பிரதமர் கே.பி. சர்மா ஒலியின் பரிந்துரைப்படி குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தை இருமுறை கலைத்தபோது, உச்ச நீதிமன்றம் இருமுறையும் அந்த முடிவைச் செல்லாதென்று அறிவித்தது. 1960-இல் கொய்ராலாவுக்கு இல்லாத பாதுகாப்பு அது.

2025 மார்ச்சில் காத்மாண்டுவில் மன்னரை மீண்டும் கொண்டுவரக் கோரி நடந்த ஊர்வலம் வன்முறையில் முடிந்து இருவர் இறந்தனர். செப்டம்பரில் ஊழலையும் சமூக ஊடகத் தடையையும் எதிர்த்து இளைஞர்கள் எழுந்தபோது 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒலி பதவி விலகினார். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்க, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு 2026 மார்ச் 5-க்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. நேபாளக் கட்சிகள் மக்களுக்குப் பெருங்கடன் பட்டிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. அந்தக் கடனைத் தீர்க்க வைக்கும் வழி வாக்குச்சீட்டு. மூன்று முறை மக்களாட்சியைக் கலைத்த அரியணையிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கக் காரணம் எதுவும் இல்லை.