ஏற்றம் மிதித்தவர்கள்

வானகரத்தில் இன்று மதுரவாயல் புறவழிச்சாலை ஓடுகிறது. என் தாத்தா காலத்தில் கூவத்தை ஒட்டிய இந்த நிலங்களில் ஏற்றம் இறைத்தார்கள். அவரும் துலா மிதித்தவர். நான் பள்ளியில் நெம்புகோல் நடத்திய காலமெல்லாம் அந்தத் துலாவைத்தான் கரும்பலகையில் வரைவேன்.

நட்ட கால்மேல் துலாமரம் குறுக்கே ஆடும். அதன் ஒரு முனையில் மூங்கில் கழி, கழியின் அடியில் நீர் அள்ளும் சால். மேலே இருப்பவர் கிணற்றுப்பக்கம் நடந்தால் சால் இறங்கும், பின்பக்கம் நடந்தால் ஏறும். 60 கிலோ ஆள் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால், மறுபக்கம் 3 மீட்டரில் தொங்கும் 40 கிலோ சுமைக்குச் சமன். இன்னும் ஓரடி பின்னால் வைத்தால் சுமை எழும். திருப்புவிசை என்பது அவ்வளவுதான்! ஆனால் பிடிமானமின்றி ஆடும் மரத்தில் நடப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கீழே சாலைப் பிடித்துக் கவிழ்ப்பவர் பாட்டிலேயே எண்ணிக்கை வைப்பார். கணக்கும் தாளமும் ஒன்றாக இருந்த தொழில் அது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நெம்புகோல் விதியை நிறுவும் முன்பே மெசபடோமியாவில் துலா இருந்தது. அந்தத் துலாவுக்குப் பதிலாக, சென்னை மாகாணத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப உழைத்தார். 1912இல் நீரிறைப்பு பற்றி நூலும் எழுதினார்.

மேலிருந்து உறிஞ்சும் பம்புக்கு வேறொரு எல்லை. காற்றழுத்தம் தாங்கும் நீரின் உயரம் சுமார் 10 மீட்டர், நடைமுறையில் ஏழெட்டுதான். அதனால் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கினார்கள்.