தேதி கேட்ட சட்டம்

லாக்கரில் நகை வைப்பாங்க. எங்க கிளைக்கு வந்த தாராவி அண்ணாச்சி ஒருவர் (பூர்வீகம் திருநெல்வேலி) போட்டோ பாஸும் ரேஷன் கார்டும் வைக்கணும்னார். காரணம் புரிய கொஞ்சம் சரித்திரம் வேணும்.

1976-ல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தது. அதுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு உரிமை இல்லை. பிறகு அந்தக் கடைசித் தேதி 1985, 1990, 1995 என்று நகர்ந்தது. மூணுமே சட்டசபைத் தேர்தல் வருஷம் :-)

இதில் பெரிய தமாஷ், 1966-ல் பிறந்து தென்னிந்தியரை விரட்டக் கிளம்பிய சிவசேனாதான் 1995-ல் பாஜகவோடு ஆட்சிக்கு வந்து இலவச வீட்டுத் திட்டம் போட்டது. 225 சதுர அடி. மொழி கேட்கவில்லை. 1995 ஜனவரி 1 வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கா என்றுதான் கேட்டார்கள். அந்த ஒரு வரி நம்ம ஆட்களுக்குச் செய்த நன்மை, எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்கள் செய்யாதது.

இப்போதைய தாராவித் திட்டத்தில் தேதி 2000 ஜனவரி 1. அதற்குமுன் வந்த தரைத்தளக் குடும்பத்துக்கு அங்கேயே 350 சதுர அடி, இலவசம். மாடியில் இருப்பவர்களுக்கு தாராவிக்கு வெளியே வாடகை வீடு.

அண்ணாச்சி இருப்பது கீழே. மாடியில் மகன், மருமகள், ரெண்டு பேரப்பிள்ளைகள். அவங்களுக்காக லாக்கரில் வைக்க அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை.