கரடியாக மாறினால் என்ன மிஞ்சும்?

தாயமும் பல்லாங்குழியும் ஆடி வளர்ந்த நமக்கு, கதை பேசியே ஆடும் ஆட்டம் ஒன்று உண்டென்றால் வியப்பாகத்தான் இருக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அப்படிப்பட்டது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும்.

அதில் ட்ரூயிட் என்றொரு பாத்திரம். காட்டோடு உறவுள்ள மந்திரவாதி; விலங்காக உருமாறக் கூடியவர். அந்த ஒரு வித்தைக்கான விதி எப்படியெல்லாம் மாறியது என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது.

பெயர் பழையது. இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த ட்ரூயிட் பூசாரிகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். சிலர் 20 ஆண்டுகள்வரை பாடம் கேட்டார்களாம். அந்தப் பாடங்களை ஏட்டில் எழுதாமல் மனப்பாடமாகவே காத்தார்களாம். விலங்காக மாறினார்கள் என்று அவர் சொல்லவில்லை. உருமாற்றம் ஐரிஷ், வெல்ஷ் பழங்கதைகளில் வருவது.

1976-இல் வந்த துணைநூல் ஒன்றில் ட்ரூயிட், ஆடுபவர் ஏற்கும் பாத்திரமானார். 1978 நூலின்படி, ஏழாம் படிநிலையை எட்டியபின் நாளொன்றுக்கு ஒரு முறை பறவை, ஒரு முறை ஊர்வன, ஒரு முறை பாலூட்டி. அளவில் கருங்கரடிக்கு மேல் போகக்கூடாது. உருமாறும்போது பட்ட காயத்தில் ஒரு பகுதி ஆறிவிடும். அளவான வரம்.

சிக்கல் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் தொடங்கியது. உடல்வலு விலங்கினுடையது, அறிவு தன்னுடையது என்றார்கள். நோஞ்சான் ட்ரூயிட்கூடக் கரடியானால் மல்லன். 2003 திருத்தப் பதிப்பிலோ, தனித்திறன் ஒன்றைக் கற்றுக்கொண்டால் விலங்கு உருவிலேயே மந்திரமும் போடலாம். ஆயுள் முழுக்க வாள் பழகிய வீரனாக ஆடுபவருக்குப் பக்கத்தில் வேலையே இல்லை என்று குறை எழுந்தது.

2009-இல் நேரெதிர்த் திசைக்குப் போனார்கள். எந்த விலங்கானாலும் ட்ரூயிட்டின் அடிப்படை எண்கள் மாறாது. உருவம் பெரும்பாலும் தோற்றம்தான். 2014-இல் நடுவழி: ஓய்வுக்கு ஓய்வு இரண்டு முறை, எட்டாம் படிநிலைவரை பறக்கும் விலங்கு கிடையாது, விலங்கு உருவில் புதிதாக மந்திரம் போட முடியாது, அதற்கு உச்சப் படிநிலையை நெருங்க வேண்டும். விலங்கின் உயிர்ப் புள்ளிகள் தீர்ந்தால் மீண்டும் மனித உருவம். அந்தப் புள்ளிகளே இலவசக் கவசமாகிவிட்டதால், 2024 பதிப்பில் ட்ரூயிட்டின் சொந்த உயிர்ப் புள்ளிகளே தொடரும், மேலே சிறு கூடுதல் மட்டும் என்றார்கள்.

நம் கதைகளின் கூடு விட்டுக் கூடு பாய்தலில் சொந்த உடலை யாராவது காவல் காக்க வேண்டும். இங்கே காவல் தேவைப்பட்டது கூட ஆடுபவரின் பங்குக்கு. ஒருவருக்கு வரம் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முறை பறிபோகாமல் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, ஏறத்தாழ 50 ஆண்டுத் திருத்தங்களே சாட்சி.