வனக் கணக்கெடுப்பில் மரக் கன அளவு: சரிபார்க்கப்படாத சமன்பாடுகளின் பிழை

வனக் கணக்கெடுப்பில் மரத்தின் கன அளவை யாரும் நேரடியாக அளப்பதில்லை. அளக்கப்படுவது சுற்றளவு, சில வேளைகளில் உயரமும். கன அளவைத் தருவது சமன்பாடு. 1981-இல் டேராடூனில் நிறுவப்பட்ட இந்திய வன அளவை நிறுவனம், இந்தியா, நேபாளம், பூடான் காடுகளுக்கான கன அளவுச் சமன்பாடுகளை 1996-இல் தொகுத்து வெளியிட்டது. இத்தகைய சமன்பாடுகளின் பிழையைத் தனியே சோதித்து, மதிப்பீட்டுடன் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அறிக்கைகள் வழக்கமாகத் தருவது மாதிரிப் பிழையை மட்டுமே. மாதிரிக் களங்களை நான்கு மடங்காக்கினால் அது பாதியாகும். சமன்பாடு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால், எத்தனை களங்களைச் சேர்த்தாலும் அச்சாய்வு அப்படியே நிற்கும். களங்கள் பெருகப் பெருக, தவறான விடை மேலும் துல்லியமானதாகத் தோற்றம் தரும்.

முதல் பிழை நாடாவிலேயே தொடங்குகிறது. சுற்றளவை அளக்கும் மார்பு உயரம் இந்தியாவில் 1.37 மீட்டர்; ஐரோப்பாவில் 1.30 மீட்டர். அடிமரம் கீழே செல்லச் செல்லப் பருப்பதால், இரண்டையும் கலந்தால் கணக்கு மாறும். 100 செ.மீ. சுற்றளவில் 2 செ.மீ. கூடினால் குறுக்குவெட்டுப் பரப்பு 4 விழுக்காடு கூடிவிடும். முதிர்ந்த தேக்கின் அடிமரத்தில் பள்ளங்கள் ஓடியிருக்கும். நாடா அவற்றின் மேலாகச் செல்வதால், உண்மையில் இருப்பதைவிட அதிக மரத்தைக் காட்டுகிறது.

சமன்பாட்டின் விடையுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் 'உண்மை' அளவையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். நுனி வரை குறுகும் முழுக் கூம்பு வடிவத் துண்டொன்றை எடுத்துக்கொள்வோம். இரு முனைப் பரப்புகளின் சராசரியைக் கொள்ளும் ஸ்மேலியன் வாய்பாடு 50 விழுக்காடு கூட்டிச் சொல்லும். நடுப்பரப்பைக் கொள்ளும் ஹூபர் வாய்பாடு 25 விழுக்காடு குறைத்துச் சொல்லும். மூன்று பரப்புகளையும் கொள்ளும் நியூட்டன் வாய்பாடே சரியான விடை தரும். மர வணிகத்தில் பழகிய கால் சுற்றளவு முறையோ உருளை வடிவக் கட்டைக்கே 21.5 விழுக்காடு குறைவாகக் காட்டும். ஆகவே மரத்தைக் குறுகிய துண்டுகளாகப் பிரித்து அளப்பதும், அளந்த முறையைக் குறிப்பிடுவதும் கட்டாயம்.

சமன்பாட்டின் பொருத்தக் கெழு உயர்ந்திருப்பது மட்டும் சான்றாகாது. சமன்பாட்டை உருவாக்கப் பயன்பட்ட அதே மரங்களைக் கொண்டு அதைச் சோதித்தால், அது தேறத்தான் செய்யும். இயல் மடக்கை வடிவச் சமன்பாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: எச்சங்களின் திட்டவிலக்கம் 0.3 எனில், திருத்தம் செய்யாத சராசரி மதிப்பீடு ஏறத்தாழ 4 விழுக்காடு குறையும். எனவே, சமன்பாடு பயன்படும் அதே காட்டிலிருந்து தனி மரங்களைத் தேர்ந்து, சுற்றளவு வகுப்பு வாரியாகப் பிழையின் அளவையும் திசையையும் காட்ட வேண்டும். காட்டின் கன அளவில் பெரும்பங்கு பெருமரங்களில் இருப்பதால் அவ்வகுப்புகளில் கூடுதல் கவனம் தேவை.

மரம் வெட்டாமல் இதெல்லாம் எப்படி என்ற கேள்வி நியாயமானதே. கோதாவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, மத்திய அரசு ஏற்ற செயல்திட்டத்துக்கு வெளியே காட்டு மரங்களை வெட்டுவதைத் தடுத்தது. ஆயினும் தோட்டங்களில் கலைத்தெடுக்கும் தேக்கு மரங்களை முறையாக அளக்கலாம். நிற்கும் மரத்தைத் தரைவழி லேசர் வருடி கொண்டு அளக்கலாம். காற்றில் சாய்ந்தவை துணைச் சான்றாகும். ஆனால் அவை காட்டின் சரியான மாதிரி ஆகா.

மாதிரிப் பிழையும் சமன்பாட்டுப் பிழையும் அருகருகே அச்சாகும் நாளில்தான் காட்டின் மர இருப்புக் கணக்கு நம்பத்தக்கதாகும். அதுவரை அந்த எண்ணை முழுமையான மதிப்பீடாக ஏற்க இயலாது.