இறக்கிவிடக் கட்டிய கப்பல்

பரளச்சிக்காரர்களுக்குக் கடல் என்றால் வேம்பாரும் சாயல்குடிக் கரையும் கிட்டத்தில் இருக்கின்றன. கப்பல் என்றால் தூத்துக்குடிதான். கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கம்பும் சோளமும், அதுவும் பொய்த்தால் பிழைக்க வெளியூர் என்று இருந்த சீமை இது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் காய்ந்த பூமியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. மண்டபம் முகாம் வருவதற்கு முன்பு சில காலம் அந்தப் போக்குவரத்து தூத்துக்குடி வழியாகவும் நடந்தது. கப்பலேற்றுவதற்கு முன் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, காலரா உண்டா அம்மை உண்டா என்று பார்த்த பிறகே விட்டார்கள்.

2020 ஜூன் 2 அன்று, இலங்கையின் கொழும்பிலிருந்து அதே தூத்துக்குடிக்கு 686 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. இந்த முறையும் தொற்றுநோய்க் காலம், இந்த முறையும் இறங்கியதும் சோதனை, தனிமைப்படுத்தல். வந்தது பயணிகள் கப்பல் அல்ல, போர்க்கப்பல். எதிரியின் கரையில் படையை இறக்கிவிடுவதற்காகவே அமெரிக்காவில் கட்டப்பட்டது. இப்போது அதன் பெயர் ஐ.என்.எஸ். ஜலஷ்வா. பிறந்தபோது வைத்த பெயர் டிரென்டன்.

கடலிலிருந்து கரைக்கு ஆளையும் பொருளையும் கொண்டுசேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே கரையோரம் ஆழம் கிடையாது. 1974இல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கும் வரை பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். காற்றும் அலையும் ஒத்துழைத்தால்தான் வேலை நடக்கும். அமைதிக் காலத்தில் தோணிக்காரர் ஒரு நாள் பொறுத்துப் போகலாம். கரையில் எதிரி துப்பாக்கி நீட்டி நிற்கும்போது பொறுக்க முடியாது.

1915இல் துருக்கியின் கலிப்போலியில் பிரிட்டிஷ் படைக்கு இதுதான் நேர்ந்தது. துடுப்புப் போட்ட திறந்த படகுகளில் வந்தவர்களைக் கரையிலிருந்த துருக்கியர் சுட்டுத் தள்ளினார்கள். படகின் பக்கவாட்டுப் பலகையைத் தாண்டிக் குதிக்க எடுக்கும் அந்தச் சில நொடிகளே பலருக்குக் கடைசி நொடிகளாயின.

பக்கவாட்டில் குதிப்பதை விட்டு, படகின் முகத்தையே கதவாக்கிச் சாய்த்துவிட்டால் என்ன? ஜப்பானியர்கள் முதலில் செய்து காட்டினார்கள். 1937இல் ஷாங்காய் சண்டையின்போது, முகப்பில் சாய்தளம் வைத்த ஜப்பானியப் படகுகளை விக்டர் குருலக் என்ற இளம் அமெரிக்க அதிகாரி படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார். உடனே யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் படகு வியாபாரி ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் அந்த யோசனையைத் தன் படகில் சேர்த்தார். லூசியானா சதுப்பு நிலங்களில் எண்ணெய் தேடுவோருக்கும் பொறிவைத்து விலங்கு பிடிப்போருக்கும் தட்டையடிப் படகு கட்டிக்கொடுத்தவர் அவர். மரப் பலகையும் பிளைவுட்டும் சேர்த்துக் கட்டிய 36 அடிப் படகு, 36 வீரர்கள், முன்னே விழும் ஒரு கதவு. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இந்த வகைப் படகுகள் 20,000க்கு மேல் கட்டப்பட்டன. நார்மண்டியிலும் பசிபிக் தீவுகளிலும் அலையோடு வந்து கதவைச் சாய்த்தவை இவைதான்.

சின்னப் படகு பெருங்கடலைத் தாண்டாது. அதைச் சுமந்துவர ஒரு பெரிய கப்பல் வேண்டும். கிரேனில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினால் நேரமாகும், அலையில் ஆடி மோதும். அதற்குக் கண்ட வழிதான் இந்தக் கதையின் நாயகனுக்கு உயிர். கப்பலின் பின்பகுதியைக் காலியாக விட்டார்கள். டிரென்டனின் வயிற்றில் கிட்டத்தட்ட 120 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடம் இருக்கிறது. படகுகளை இறக்க வேண்டிய நேரத்தில் கப்பல் தன் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு பின்பக்கம் தாழும். பின்கதவு திறக்கும். மடையைத் திறந்தால் கண்மாய்த் தண்ணீர் வெளியே ஓடும். இங்கே மடையைத் திறந்தால் கடல் உள்ளே வரும். மரப்பலகை பாவிய தரையில் உட்கார்ந்திருந்த 74 அடி இரும்புப் படகுகள் மெல்ல மிதக்கத் தொடங்கும். டீசல் புகை கூடத்துக்குள் சூழ, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி நகர்ந்து கடலில் இறங்கும். ஒவ்வொன்றும் ஒரு டேங்க்கையோ இருநூறு பேரையோ தூக்கும். வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரை வெளியேற்றிக் கப்பல் நிமிர்ந்துகொள்ளும். கூடத்தின் மேல்தளத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கலாம். மூழ்காமல் இருப்பதுதான் கப்பலுக்கு அழகு என்று நினைத்திருந்தோம். அளவாக மூழ்கத் தெரிந்த கப்பல் இது.

சியாட்டில் நகரில் லாக்ஹீட் கட்டுந்தளத்தில் 1968இல் நீரில் இறங்கி, 1971 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது டிரென்டன். 173 மீட்டர் நீளம், முழுச்சுமையோடு ஏறக்குறைய 17,000 டன், இரண்டு பாய்லர், நீராவி டர்பைன். தொள்ளாயிரம் படைவீரர்கள் தங்க இடம். வியட்நாம் போர் முடியும் தறுவாயில் பிறந்ததால், நார்மண்டி போலக் கரையில் முட்டிக்கொண்டு இறங்கும் பெரும் படையெடுப்பு எதுவும் அதன் ஜாதகத்தில் இல்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வேலைதான் திரும்பத் திரும்ப வந்தது.

1991 ஜனவரி. வளைகுடாப் போர் தொடங்க இன்னும் சில நாட்கள். சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் உள்நாட்டுப் போர் முற்றி, அமெரிக்கத் தூதரகத்தின் சுவர் வரை துப்பாக்கிகள் வந்துவிட்டன. ஓமன் பக்கம் நின்ற டிரென்டனையும் குவாம் என்ற இன்னொரு கப்பலையும் தெற்கே விரட்டினார்கள். கப்பல்கள் போய்ச் சேரும் வரை காத்திருக்க முடியாத நிலை. டிரென்டனின் தளத்திலிருந்து இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் 466 கடல் மைல் தூரத்துக்கு இரவோடு இரவாகக் கிளம்பின. வழியில் வானத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு விடியலில் தூதரக வளாகத்தில் இறங்கி, முதல் தொகுதி மக்களை ஏற்றித் திரும்பின. கப்பல்கள் நெருங்கியதும் குவாமின் ஹெலிகாப்டர்கள் மீதிப் பேரை எடுத்தன. மொத்தம் 281 பேர், 30 நாட்டுக்காரர்கள். சோவியத் தூதரும் அவருடைய ஆட்களும் அதில் உண்டு. சோவியத் ஒன்றியம் இன்னும் உயிரோடிருந்த வருடம் அது.

2006 ஜூலையில் இஸ்ரேல் லெபனான் மீது குண்டு போட்டபோது பெய்ரூட்டில் மாட்டிய அமெரிக்கர்களை வெளியே கொண்டுவந்த கப்பல்களில் ஒன்றாக டிரென்டன் மறுபடி வந்தது. ஆறு மாதத்தில் கை மாறியது.

இந்தியா இதை வாங்கிய கதையில் கொஞ்சம் கசப்பும் உண்டு. 2004 சுனாமியின்போது அந்தமான், நிக்கோபார், இலங்கை, மாலத்தீவு என்று நிவாரணம் கொண்டுபோன நம் கடற்படைக்கு, இவ்வளவு பெரிய வயிறுள்ள கப்பல் ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. 2007 ஜனவரியில் சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு டிரென்டன் நமக்கு வந்தது. கூடவே தனி விலைக்கு ஆறு பழைய ஹெலிகாப்டர்கள். ஜூன் 22 அன்று நார்ஃபோக் துறைமுகத்தில் இந்தியக் கொடியேற்றி ஜலஷ்வா என்று பெயர் சூட்டினார்கள். அமெரிக்காவிடமிருந்து இந்தியக் கடற்படை வாங்கிய ஒரே போர்க்கப்பல் இதுதான். விசாகப்பட்டினம் அதற்குத் தாய்வீடானது.

மறு வருடமே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கேள்வி எழுப்பியது. வயதான கப்பலை அவசரப்பட்டு வாங்கியிருக்கிறார்கள், அதுவும் தாக்குதல் நடவடிக்கையில் ஈடுபடுத்த வரம்பு வைத்து, விற்றவர் வந்து சோதனை போடலாம் என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டு. அந்த வருடத் தொடக்கத்தில் கப்பலுக்குள் நச்சுவாயு கசிந்து கடற்படையினர் சிலர் உயிரிழந்ததும் சேர்ந்துகொண்டது. பழைய வண்டி வாங்கியவன் மீது ஊர் சொல்லும் பேச்செல்லாம் ஜலஷ்வா மீதும் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. சண்டைக்குப் போகக் கூடாது என்று எழுதிக்கொடுத்துப் போர்க்கப்பல் வாங்குவது எந்த ஊர் வியாபாரம்?

ஆனால் வாங்கியே ஆக வேண்டிய காரணமும் பொய்யில்லை. கரையில் இறங்கும் கலையில் நமக்குப் பழைய தழும்பு ஒன்று உண்டு. 1971 டிசம்பர் நடுவில், வங்கதேசப் போரின் கடைசி நாட்களில், காக்ஸ் பஜார் கரையில் கூர்க்கா வீரர்களை இறக்கக் கரியால், குல்தார் என்ற இரண்டு கப்பல்கள் போயின. இவை முகப்புக் கதவைத் திறந்து மணலில் நேராக ஏறும் வகை. கரை என்று நினைத்து முட்டிய இடம் மணல்திட்டு. திட்டுக்கும் உண்மையான கரைக்கும் நடுவில் ஆழம். சுமையோடு இறங்கிய வீரர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். உயிர்ச்சேதம் நேர்ந்தது, இறக்கம் நின்றுபோனது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததால் அந்தத் தோல்வி பெரிதாகப் பேசப்படவில்லை. எதிரியின் பீரங்கியை விட மணலின் சரிவு மோசமான எதிரி என்பதைக் கடற்படை அன்று படித்தது. கப்பல் ஆழத்திலேயே நின்றுகொண்டு, படகுகளை மட்டும் கரைக்கு அனுப்பும் ஜலஷ்வா மாதிரி வகையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

2019 நவம்பரில் ஆந்திரக் கடலோரத்தில் அமெரிக்கர்களும் நாமும் சேர்ந்து கரையிறங்கும் பயிற்சி செய்தபோது ஜலஷ்வாவும் அதில் இருந்தது. தன்னைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளை வயதுப் படைவீரர்கள் அன்று அதைச் சுற்றிப் பார்த்திருக்கலாம்.

நான்கே மாதத்தில் தொற்றுநோயால் விமானங்கள் நின்றன, எல்லைகள் மூடின. மாலத்தீவில் ஓட்டல் வேலைக்குப் போனவர்கள், இலங்கையில் வியாபாரத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் போனவர்கள், ஈரான் கரையில் மீன்பிடிக் கூலிக்குப் போனவர்கள் அங்கங்கே முடங்கினார்கள். சமுத்திர சேது என்ற பெயரில் கடற்படை நான்கு கப்பல்களை அனுப்பியது. ஜலஷ்வா, ஐராவத், சார்துல், மகர் ஆகிய நான்குமே படையிறக்கும் கப்பல்கள். தற்செயல் அல்ல. மற்றப் போர்க்கப்பல்களில் ஒவ்வொரு அடியும் பீரங்கிக்கும் ஏவுகணைக்கும் எந்திரத்துக்கும் போய்விடும். இவற்றில் மட்டும்தான் நூற்றுக்கணக்கில் படுக்கை, பொதுச் சமையல், காலியான கூடம் எல்லாம் கட்டும்போதே இருந்தன. பயணிகள் புழங்கும் பகுதியைத் தனியாகவும் மாலுமிகள் பகுதியைத் தனியாகவும் பிரித்துக்கொண்டார்கள்.

முதல் நடை மே மாதம் மாலேயிலிருந்து கொச்சிக்கு: 698 பேர், அதில் 19 கர்ப்பிணிகள். மாலத்தீவுப் பயணத்துக்கு ஆளுக்கு 40 டாலர் வசூலித்தார்கள் என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. வேலை போய், சம்பளப் பாக்கியோடு நின்றவர்களுக்கு அது சின்னத் தொகையில்லை. கொச்சிக்கு இன்னொரு நடை முடிந்ததும் தூத்துக்குடியின் முறை வந்தது. ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து 686 பேர். ஜூன் 7 அன்று மாலேயிலிருந்து 700 பேர். ஜூன் 23 அன்று ஐராவத் 198 பேரோடு வந்தது.

அதற்குள் ஜலஷ்வா பாரசீக வளைகுடாவுக்குப் போய்விட்டது. ஈரானிலிருந்து பிப்ரவரி கடைசியிலிருந்தே வழக்கமான விமானம் இல்லை. கன்னியாகுமரி, தூத்துக்குடி, நெல்லை, இராமநாதபுரம் கடற்கரை ஊர் மீனவர்கள் அங்கே முதலாளியின் படகிலும் தகரக் கொட்டகையிலுமாக மாதக்கணக்கில் கிடந்தார்கள். பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஜூன் 25 அன்று ஏறி, ஜூலை 1 அன்று 687 பேர் தூத்துக்குடியில் இறங்கினார்கள். கடலையே தொழிலாகக் கொண்டவர்களைக் கடல் வழியாகவே ஊர் சேர்த்தார்கள். இடம் போதாமல் சில மீனவர்கள் ஈரானிலேயே நிற்கவும் நேர்ந்தது. வீட்டாருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு உடல்வெப்பச் சோதனை, மூட்டைகளுக்கு மருந்துத் தெளிப்பு, குடியேற்ற முத்திரை, பிறகு மாவட்டவாரியாகப் பேருந்து. மதுரைப் பக்கத்து வண்டிகளுக்கு எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை வழிதான் சாலை. இத்தனை நடையிலும் ஜலஷ்வா தன் பின்கதவைத் திறந்து கடலை உள்ளே விட வேண்டிய அவசியமே வரவில்லை. 1974க்குப் பிந்தைய தூத்துக்குடியில் ஆழமான கப்பல்தளம் இருக்கிறது. மற்ற கப்பல்களைப் போலவே ஓரமாக அணைத்து ஏணி போட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் வந்திருந்தால் நான்கு படகுகளையும் இறக்கித்தான் ஆட்களைக் கரைசேர்த்திருக்க வேண்டும், அல்லது தோணிக்காரர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஜூலை 8 அன்று நடவடிக்கை முடிந்தபோது கணக்கு 3,992 பேர். அதில் ஜலஷ்வா மட்டும் ஐந்து நடையில் மூவாயிரத்துக்கு மேல் கொண்டுவந்தது. அப்போது அதற்கு வயது 49. அடுத்த வருடம் தொற்றுநோயின் இரண்டாம் அலையில் புரூணே பக்கமிருந்து ஆக்சிஜன் டேங்குகளைச் சுமந்துகொண்டு விசாகப்பட்டினம் வந்ததும் இதே கிழட்டு நீராவிக் கப்பல்தான்.

இதன் இடத்துக்கு இதே வகையில் நான்கு புதிய கப்பல்களை நம் நாட்டிலேயே கட்டப்போவதாகப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேச்சு. ஒருமுறை டெண்டர் விட்டு, 2020இல் அதை ரத்தும் செய்தார்கள். சமுத்திர சேது நடந்த அதே வருடம் அது. 2021இல் மறுபடி விவரம் கேட்டுக் கடிதம் போனது.